இரண்டாம் நிழல் விழாதவள்

ஜெயஜோதி ஸ்டூடியோவின் பழைய லேப்டாப்பில் கிடந்ததையெல்லாம் ஞானதுரை அண்ணாச்சி புது ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வைத்த வியாழக்கிழமை மத்தியானம், வெள்ளூரணியில் உயிரோடு இருந்தவர்களுக்கு இரண்டாவதாக ஒரு நிழல் விழுந்தது. முதலில் பார்த்தது பரோட்டா கடை வாசலில் மாவு பிசைந்துகொண்டிருந்த ஆள். அவன் நிமிர்ந்து, வானத்தில் இன்னொரு சூரியன் வந்திருக்கிறதா என்று தேடினான். இல்லை என்று தெரிந்ததும் திரும்ப மாவைப் பிசைந்தான். நாங்கள் உப்பளத்துக்காரர்கள், வெள்ளை வெளேரென்ற தரையில் எங்கள் நிழலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்து பழகியவர்கள், ஒன்று கூடிவிட்டது என்பதற்காகக் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு ஓடவில்லை.

அந்த லேப்டாப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் மூடி கழன்று, பின்னால் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தால்தான் நிற்கும். எழுத்துகள் தேய்ந்துபோன பட்டன்களில் எது எங்கே என்று அண்ணாச்சியின் விரலுக்கும், அவரிடம் வேலை பார்த்த ரூபிலாவின் விரலுக்கும் மட்டும்தான் தெரியும். ரேஷன் கார்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உப்பளத் தொழிலாளர் அட்டைக்கும் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும், கடைசியில் சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் முகம் கொடுத்த எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அதற்குள்தான் இருந்தார்கள். ஆண்களுக்கு அண்ணாச்சி கோட்டு போட்டுவிடுவார். எவனுடைய போட்டோவிலிருந்தோ எப்போதோ வெட்டியெடுத்த ஒரே ஒரு நீலக் கோட்டு, பனியனோடு வந்தவனும் சட்டையில்லாமல் வந்தவனும் அந்தக் கோட்டோடுதான் வெளியே போவான். பெண்களிடம் நாடியை இறக்கச் சொல்வார், இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று சொல்லிச் சொல்லி, அவர்கள் தரையைப் பார்க்கப் போகும் நேரத்தில் பட்டனை அமுக்குவார்.

பேனர் அடிக்கும் மெஷின் அந்தப் பழைய விண்டோஸோடு ஒத்துப்போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. தூத்துக்குடியிலிருந்து ஆள் சனிக்கிழமை வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதியதைப் போடுவதாகவும், அதற்குள் உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் போனில் சொன்னான். ரூபிலா நகலெடுப்பதைத் தொடங்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். அவள் பி.எஸ்ஸி. முடித்தவள், திரையில் வருகிற எந்தப் பெட்டியையும் கடைசி வரி வரை வாசிக்கிறவள். அண்ணாச்சி எந்தப் பெட்டியையும் வாசித்ததில்லை. அன்றைக்கும் நடுவில் ஏதோ ஒரு பெட்டி வந்து வழியை மறித்தது. கையில் பட்ட பட்டனை அமுக்கி, அதை அனுப்பிவிட்டு, அவர் வெற்றிலையை மடித்தார்.

முதல் நிழல் சூரியன் சொன்ன பக்கம் விழுந்தது, எப்போதும் போல, ஆள் குனிந்தால் குனிந்து, ஓடினால் ஓடி. இரண்டாவது நிழல் அதற்குச் சற்றுத் தள்ளி, எதிரே நிற்கும் யாரையோ நேராகப் பார்ப்பது போல விழுந்தது. ஆண்களுடையதற்குத் தோள் அகலம், கழுத்தோரம் காலர் மடிப்பு. பெண்களுடையது நாடியை இறக்கி வைத்திருந்தது. ஆள் போகிற இடமெல்லாம் அது கூடவே வரும், ஆனால் கையை அசைக்காது.

வெள்ளிக்கிழமை காலைக்குள் ஊர் பழகிவிட்டது. அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் இரண்டாம் நிழலை மிதிப்பது மரியாதையில்லை என்று யாரோ சொல்ல, பஜாரில் எல்லாரும் கோலத்தைத் தாண்டுவது போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் உச்சி வெயிலில் மரத்தடிக்குப் போகாமல் சுவரோரம் வந்து நின்று தங்கள் கோட்டுத் தோளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் தன்னுடையதை சார் என்று கூப்பிட ஆரம்பித்து, கேலி செய்தவர்களிடம், அவர் படித்தவர், உங்களோடெல்லாம் பேச மாட்டார் என்றான். உப்பள மேஸ்திரி செபமாலைக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. இரண்டு நிழலும் சேர்ந்து பாத்தியில் விழுந்தால் உப்பு உறைவது தாமதப்படும் என்று அவர் பெண்களை இரண்டு கரையிலும் பிரித்து நிறுத்தினார்.

லேப்டாப்புக்குள் செத்தவர்களும் இருந்தார்கள் என்பதை நாங்கள் மறந்திருந்தோம். அவர்களுக்கும் ஒரு நிழல் விழுந்தது, ஆளில்லாமல். கண்டக்டராக இருந்து இறந்தவருடையது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கோட்டோடு நின்றது. இட்லிக்கடைக்காரியுடையது, இப்போது அவள் மகள் ஆப்பம் சுடுகிற அடுப்புக்குப் பக்கத்தில், நாடியை இறக்கிக்கொண்டு. யாரும் அலறவில்லை. வீட்டுக்காரர்கள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நிழலடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். சாயங்காலம் பார்த்தால் தண்ணீர் குறைந்திருந்தது. வெயில்தான் என்று சொல்லிக்கொண்டோம்.

ஆகவே இரண்டு நிழல் என்றால் இருப்பவர், ஒற்றை நிழல் என்றால் போனவர். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. தெருவில் எதிரே வருகிறவரின் காலடியை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு முகத்தைப் பார்க்கும் பழக்கம் ஒரே நாளில் எங்களுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

உப்புக் கோடவுனுக்குப் பின்வீட்டில் தனியாகக் குடியிருந்தவளுக்கு ஒரே நிழல்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை உப்பளத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன், அவள் கையை நீட்டியும் நிற்கவில்லை. நடந்தே போய்ச் சேர்ந்தாள். செபமாலை அவள் காலடியைப் பார்த்தார், கண்ணைத் திருப்பிக்கொண்டார், போனவர்களை வேலை வாங்குவது பாவம், அவர்கள் ஓய்வெடுக்கட்டும் என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னார். அவள் பலகையை எடுத்துத் தன் பாத்தியில் இறங்கி அன்று முழுக்க உப்பு வாரினாள். மற்றவர்கள் வாரிக் குவித்ததெல்லாம் கரையேறியது. அவள் குவித்ததை, கடல் தானாக ஒதுக்கிவிட்டுப் போனது போலப் பாத்தியிலேயே விட்டுவிட்டார்கள். தண்ணீர்ப் பானை கைமாறி வந்தபோது அவளைத் தாண்டிப் போனது. யாருக்கும் அவள்மேல் கோபமில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். திட்டினால் திருப்பித் திட்டலாம், இது திட்டும் இல்லை.

அண்ணாச்சி இதற்குள் ஒன்றைச் சோதித்துப் பார்த்திருந்தார். தன் சொந்தப் போட்டோவை லேப்டாப்பில் அழித்துப் பார்த்தார். காலடியில் ஒரு நிழல் அணைந்தது. திரையிலிருந்த குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டுப் போட்டார், திரும்ப விழுந்தது. ஆக, சனிக்கிழமை ஆள் வந்து லேப்டாப்பை அழித்தால் ஆளுக்கொரு நிழல் போகும், இருப்பவர்களுக்கு ஒன்று மிஞ்சும், போனவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. செத்தவர்களை இரண்டாம் தடவை வழியனுப்ப வேண்டியிருந்த வீடுகளில் பலகாரம் செய்தார்கள். கோடவுன் பின்வீட்டுக்காரியையும் வழியனுப்ப வேண்டும் என்று உப்பளப் பெண்கள் நினைத்தது அன்பினால்தான். நிழலோடு அவள் மூச்சும் போகுமா, அல்லது நிழலில்லாத ஒருத்தியாக, கூப்பிட்டாலும் யாரும் திரும்பாத ஒருத்தியாக எங்கள் நடுவிலேயே நடமாடுவாளா என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

வெள்ளி சாயங்காலம் மாலையும் ஊதுபத்தியுமாக அவர்கள் போய் அவள் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். அவள் உலை வைத்திருந்தாள். அவளைப் போல உப்பு வார ஆள் கிடையாது என்று ஒருத்தி அழுதாள். மகராசி, ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை என்றாள் இன்னொருத்தி. போன வாரம்தான் அவளோடு தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வீசிச் சண்டை போட்டவள். கோடவுன் பின்வீட்டுக்காரி அரிசியைக் களைந்து போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இம்புட்டு நல்லவிதமா பேசுவியன்னு தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ செத்திருப்பேனே” என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் வடித்த சோற்றின் ஆவி அவர்கள் முகத்தில் பட்டபோது மட்டும் ஒருத்தி, காற்று திரும்பிவிட்டது என்று சொல்லி எழுந்தாள். போகிற வழியில் ஸ்டூடியோவில் ஏறி, அவளுக்கு ஒரு போஸ்டர் அடித்து வைக்கச் சொன்னார்கள். சின்னதாகப் போதும், ஆனால் நல்ல படமாக.

அந்தப் படத்தைத் தேடும்போதுதான் ரூபிலாவுக்குத் தெரிந்தது. புது டிஸ்க்கில் எல்லாரும் இருந்தார்கள், கோடவுன் பின்வீட்டுக்காரி மட்டும் இல்லை. பழைய லேப்டாப்பில் இருந்தாள். திரும்ப நகலெடுத்துப் பார்த்தாள், பெட்டி வந்தது. ரூபிலா அதைக் கடைசி வரி வரை வாசித்தாள். ஃபைலின் பெயர் மிக நீளமாக இருக்கிறது, தவிர்க்கவா என்று கேட்டது. அண்ணாச்சி அமுக்கியது அந்தத் தவிர்க்கவாவைத்தான்.

எங்கள் ஊரில் ஒரே பேர் பல பேருக்கு உண்டு. அதனால் அண்ணாச்சி போட்டோவைச் சேமிக்கும்போது பேரோடு இன்னார் மகள், இன்னார் மருமகள் என்று ஒரு சொல்லைச் சேர்த்து விடுவார். அதோடு வேலை முடிந்துவிடும். இவள் எங்கள் ஊரில் யாருக்கும் மகளோ மருமகளோ இல்லை. அதனால் யாரென்று அடையாளம் தெரிவதற்கு, தெரிந்ததையெல்லாம் எழுத வேண்டியிருந்தது. ரூபிலா முதலில், எல்லாப் போட்டோவும் இருந்த மேல் ஃபோல்டரின் பேரைச் சுருக்கிப் பார்த்தாள்; அந்த நொடியில் பஜாரில் நின்றவர்களின் இரண்டாம் நிழல்கள் அத்தனையும் முழங்கால் உயரத்துக்குக் குட்டையாகி, கோட்டோடு குழந்தைகளைப் போல நின்றன; வெளியே சத்தம் கேட்டுப் பதறிப் பழையபடி மாற்றினாள். தனியாக ஒரு பென் டிரைவில் போட்டுப் பார்த்தாள். அங்கேயும் அதே பெட்டி.

சனிக்கிழமை காலை, தூத்துக்குடி ஆள் பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்த பிறகு, யாரிடமும் முதலில் போய்ப் பேசியறியாத ரூபிலா கோடவுனுக்குப் பின்னால் போய் நின்று, யக்கா கொஞ்சம் கடைக்கு வாங்க என்றாள். அவள் யாரைக் கூப்பிடுகிறாள் என்று கோடவுன் பின்வீட்டுக்காரி திரும்பித் தெருவைப் பார்த்தாள்.

கடையில் அண்ணாச்சி அவளுக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்திருந்தார். அவள் தொடவில்லை, அவள் டீ குடிக்க மாட்டாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வாசல் வெயில் அவள் காலடி வரை வந்து, ஒரே ஒரு நிழலை மேசைக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தது. ரூபிலா திரையில் இருந்ததை உரக்க வாசித்தாள். முதலில் இருந்த பேரை விட்டுவிட்டாள், அதுதான் எல்லாருக்கும் தெரிந்ததாயிற்றே என்று.

“புயலுக்கு மறுவருஷம் ரயிலில் வந்தவள் புருஷன் ஸ்டேஷனில் டீ வாங்கப் போய்த் திரும்பாதவன் மகள் பேச்சி நாலு வயசில் காய்ச்சலில் போனவள் கோடவுன் பின்வீடு நல்லாச் சிரிப்பாள் போட்டோவுக்குச் சிரிக்க மாட்டாள் பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி பைனல்.”

கோடவுன் பின்வீட்டுக்காரி, இவ்வளவும் தெரிந்துதானா என்னைப் பார்த்தும் பார்க்காமல் போனீர்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டாள். அவர் வெற்றிலையைத் துப்பப் போகிறவர் போல வெளியே போய்விட்டு வந்தார்.

ரூபிலா பின்னாலிருந்து வெட்டினாள். பைனல், எட்டு காப்பி, பாஸ்போர்ட் சைஸ். ஒன்றும் ஆகவில்லை, பெட்டி மட்டும் திரும்ப வந்தது. அடுத்து, சிரிப்பைத் தொடாமல் தாண்டி, கோடவுன் பின்வீட்டை வெட்டினாள். நாற்காலியில் இருந்தவள் எழுந்து வாசலுக்குப் போய், இடதுபக்கம் பார்த்து, வலதுபக்கம் பார்த்து, இங்கிருந்து நான் எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். ரூபிலா வெட்டியதை மீட்டுப் போட்டாள். அவள் வந்து உட்கார்ந்து, ஏன் எல்லாரும் என்னையே பார்க்கிறீர்கள் என்றாள்.

எது வெட்டுப்பட்டாலும் அது அவளைவிட்டுப் போகும் என்று மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது. எதை எடுப்பது என்று இனிமேல் அவள்தான் சொல்ல வேண்டும் என்றாள் ரூபிலா. அவள் யோசிக்கவே இல்லை, புருஷனை எடு என்றாள். எடுத்ததும் மேசையிலிருந்த டீயை, ஆறிப்போய் ஆடை படிந்திருந்ததை, கையிலெடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டாள். பெட்டி திரும்ப வந்தது. ரயிலை எடு என்றாள், புயலோடு சேர்த்து. அதன் பிறகு அவள் பேச்சில் எப்போதும் இருந்த மேற்கத்தி இழுப்பு போய்விட்டது, இங்கேயே பிறந்தவளைப் போலப் பேசினாள். ஸ்டேஷன் பக்கம் ஏதோ கூவியபோது அது என்ன சத்தம் என்று கேட்டாள். அப்போதும் பெட்டி வந்தது.

மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. தூத்துக்குடி ஆள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டதாக மறுபடி போன் வந்தது. அண்ணாச்சி நல்ல மனசோடுதான் சொன்னார். பிள்ளை போனது துக்கம்தானே தங்கச்சி, அதை விட்டுவிட்டால் உனக்கும் பாரம் குறையும், காலாகாலத்துக்கும் எதற்கு அதைச் சுமக்கிறாய் என்றார். அவர் விரல் திரையில் பேச்சியின் பேருக்குப் பக்கத்தில் இருந்தது.

“கைய எடும் அண்ணாச்சி” என்றாள் அவள்.

அவர் எடுத்தார்.

சிரிப்பை வேண்டுமானால் எடுக்கலாமா என்று ரூபிலா மெதுவாகக் கேட்டாள். அது பிள்ளையிடமிருந்து வந்தது, அவள் சிரிக்கிற மாதிரித்தான் நான் சிரிக்கிறேன், அதை எடுத்தால் எதை வைத்து அவளை நினைப்பேன் என்றாள் கோடவுன் பின்வீட்டுக்காரி. பிறகு ரூபிலாவின் தோளுக்கு மேலாகக் குனிந்து, எழுத்துக் கூட்டி, வரியின் தொடக்கத்துக்குப் போனாள்.

“இந்தா, முதல்ல இருக்கே, பேரு. அத எடுத்திருட்டி. அது ஊருல பல பேருக்கு இருக்கு. மத்ததெல்லாம் எனக்கு மட்டுந்தான் இருக்கு.”

“பேரு போயிட்டா உங்கள எப்படிக்கா கூப்பிடுறது?”

“இத்தன நாளும் யாரு கூப்பிட்டிய?”

ரூபிலா அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் முதல் சொல்லை வெட்டிவிட்டு நகலெடுக்கக் கொடுத்தாள். பெட்டி வரவில்லை. பச்சைக்கோடு ஓடி முடிந்தது. மேசைக்கடியில் கிடந்த நிழலுக்குப் பக்கத்தில், நாடியை இறக்கிக்கொண்டு, இன்னொன்று வந்து சேர்ந்தது.

தூத்துக்குடி ஆள் தோள்பையோடு ஏறிவந்து, எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா, யாரும் விட்டுப்போகவில்லையே என்று கேட்டான். அது அவன் எல்லாக் கடையிலும் கேட்கிற கேள்விதான். வாசலில் கூடியிருந்த நாங்கள் எல்லாரும் குனிந்து அவள் காலடியைப் பார்த்தோம், பிறகு முகத்தைப் பார்த்தோம். குழாயடிச் சண்டைக்காரி முன்னால் வந்து, நேற்று நீ வடித்த சோறு குழைந்துபோயிருக்குமே என்று அவளிடம் சொன்னாள்.

லேப்டாப் அழியும்போது பஸ் ஸ்டாண்டுச் சுவரிலிருந்து கண்டக்டர் முதலில் போனார், காலிலிருந்து மேலாக, கோட்டுக் காலர் கடைசியாக. ஆப்ப அடுப்பின் பக்கத்தில் வெயில் திரும்ப முழுதாக விழுந்தது. இருப்பவர்களுக்கு ஒவ்வொன்று குறைந்து ஒவ்வொன்று நின்றது. போனது எது, நின்றது எது என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை. ஆனால் மூட்டை தூக்குகிறவர்களில் சிலருக்கு இன்றும் வெற்றுடம்பிலிருந்து கோட்டுத் தோளோடுதான் நிழல் விழுகிறது. அவர்கள் மூட்டையைத் தூக்கும்போது அது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அவர்களிடம் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வெட்டுப்பட்டதில் ரயிலையும் புயலையும் டீ வாங்கப் போனவனையும் ரூபிலா உரக்க வாசித்திருந்ததால் அவை அவள் வாயில் தங்கிவிட்டன, அவள் சொல்லித்தான் எங்களுக்கும் நினைவிருக்கிறது. வாசிக்காமல் விட்ட பேர் எவர் வாயிலும் இல்லை. ஊரில் பல பேருக்கு இருக்கிற பேர்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அவள்மேல் வைத்துப் பார்த்தோம்; எதுவும் நிற்கவில்லை, ஈர உப்பில் விரலால் எழுதியது போல அடுத்த நொடியே மூடிக்கொண்டது. அவளிடமே கேட்டோம். பேச்சி என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள் என்றாள்.

திங்கட்கிழமை வேன் அவளுக்காக நின்றது. உப்பளத்தில் செபமாலை கரையில் நின்றுகொண்டு, எப்போதும் போல, ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அவள் முறை வந்ததும் அவர் வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது. பாத்திகளின்மேல் காற்று போய்க்கொண்டிருந்தது. பலகையைப் பிடித்தபடி நாங்கள் யாரும் அசையவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு அடுத்த பேருக்குப் போகப் பார்த்தார்.

“இருக்கேன்” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்த இடத்துக்கு வரும்போது செபமாலை நிறுத்திவிடுகிறார். நாங்களும் பேச்சை நிறுத்திவிடுகிறோம். சில நாள் அவள் உடனே சொல்லிவிடுவாள், சில நாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நிதானமாக, எங்களைக் காக்க வைத்துச் சொல்வாள். சொல்லும்வரை யாரும் பாத்தியில் இறங்குவதில்லை.